சிரித்த இடம் எது?

செத்துப்போனவர் சுவரில் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒடுகத்தூர்க் கடைத்தெருவுக்குப் பின்னால், குப்பம்மாளின் வீட்டு முன்னறை. சட்டம் போட்ட புகைப்படம். நெற்றியில் சந்தனப் பொட்டு, கழுத்தில் பிளாஸ்டிக் சாமந்தி மாலை, சுற்றிலும் சிவப்பும் பச்சையுமாக மினுக்கும் சீரியல் பல்பு. டாக்டர் கொடுக்கும் சர்டிபிகேட்டில்கூடத் தப்பு இருக்கலாம். நம் ஊரில் இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் அப்பீலே கிடையாது.

"சார், ஆளு போய்ட்டது கன்பார்ம்" என்றாள் காவியா. "மொகத்துல எவ்ளோ நிம்மதி பாருங்க. உசுரோட கீற டைரக்டர் எவருக்கும் இது வராது."

துப்பறிவாளர் சைபுல்லா பதில் சொல்லவில்லை. உதவியாளரின் பேச்சுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் துப்பறிய நேரம் இருக்காது என்பது அவர் தொழிலில் கற்ற முதல் பாடம். ஆணியிலிருந்து படத்தை இறக்கினார். திருப்பினார்.

இந்தத் தொழிலுக்கு வருமுன் அவர் வாணியம்பாடியில் தோலுக்குத் தரம் பார்த்தவர். பளபளப்பான பக்கத்தை எவனும் பார்ப்பான். சதைப்பக்கத்தைத் திருப்பினால்தான் மாடு எங்கெங்கே அடிபட்டது என்று தெரியும். அந்தப் பழக்கம் ஒன்றுதான் அவருடைய துப்பறியும் சாஸ்திரம். மற்றபடி அவரிடம் பூதக்கண்ணாடியும் இல்லை, கைரேகைப் பொடியும் இல்லை. வேலூரில் ஒரு லாட்ஜ் அறை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் இருந்தன. மனைவி காலமான பிறகு இரண்டாவது டம்ளர் வாங்கவில்லை.

படத்தின் முதுகில் பசை டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தது: 'அப்பா போட்டோ. மாட்டும் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை. தொடாதே.'

மறுபடி முன்பக்கம் திருப்பினார். அப்போதுதான் கண்ணில் பட்டது. செத்தவரின் மீசை இடப்பக்க நுனியில் கொஞ்சம் பிரிந்து நின்றது. ஒட்டுமீசை.

தண்ணீர்ச் சொம்போடு குப்பம்மாள் வந்தாள். ஐம்பதைத் தாண்டிய, வாடகைக்கு வீடு விட்டே வாழ்க்கையில் எல்லா வகை மனிதரையும் பார்த்துவிட்ட முகம்.

"ஏம்மா, இவரு எப்ப எறந்தாரு?" என்றார் சைபுல்லா.

"யாரு, எளவரசனா? அவரு இன்னாத்துக்கு சாவறாரு? என் பெட்ஷீட்ட எட்த்துக்கினு மலைமேல போய்ட்டாரு."

காவியா புரையேறி இருமினாள்.

"அப்ப இந்த மாலை?"

"இந்த வூட்டுல படம் புடிச்சாங்க இல்ல? அதுல செத்துப்போன அப்பா வேஷம் அவருக்கு. ஷூட்டிங்கு முடிஞ்சி எல்லாரும் போய்ட்டாங்க, இத மட்டும் மறந்துட்டாங்க. சீரியல் பல்பு நல்லா எரியுது, ராவுல பாத்ரூம் போறதுக்கு வெளிச்சமா கீது. அதான் கழட்டல."

"யாருகிட்டயும் இத நீங்க சொல்லலியா?"

"யாரு கேட்டாங்க? தாடி வெச்சிக்கினு ஒர்த்தரு வந்தாரு, கலையரசனாம். உள்ள வந்து போட்டோவ பாத்தாரு. ஓன்னு அழுதாரு. அழுவறத செல்லுல புடிச்சாரு. சரியா வரலன்னு இன்னொரு தபா அழுதாரு. காபி கலக்கறதுக்குள்ள போய்ட்டாரு. அதுக்கப்புறம் பத்து பேரு வந்தாங்க, எல்லாம் போட்டோ பக்கத்துல நின்னு போட்டோ எடுக்கத்தான். எங்க போனாருன்னு ஒர்த்தரும் கேக்கல. நீங்கதான் மொத ஆளு."

சொம்பை வைத்தவள், ஞாபகம் வந்தவளாய்ச் சேர்த்தாள்: "பாத்தீங்கன்னா பெட்ஷீட்ட வாங்கியாங்க சார். மூலையில மயிலு போட்டது, புதுசு. திரை கட்டணும்னு எட்த்துக்கினு போனாரு. ஜமுனாமரத்தூரு சந்தையில படம் காட்டப் போறேன்னாரு."

படத்தை ஆணியில் மாட்டிவிட்டு சைபுல்லா வெளியே வந்தார். அந்த பிளாஸ்டிக் மாலையில் தூசி இல்லை. யாரோ வாரம் தவறாமல் துடைக்கிறார்கள் என்பதை மனதில் குறித்துக்கொண்டார்.

மலைக்குப் போகும் பஸ் அமிர்தி தாண்டியதும் காடு இரண்டு பக்கமும் வந்து ஒட்டிக்கொண்டது. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹாரன் அடித்தார். ஒவ்வொரு ஹாரனுக்கும் காவியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்டக்டரண்ண, எதிர்ல வண்டி வருதா, இல்ல எமன் வர்றானா?" என்று விசாரித்தாள்.

இளவரசனின் கலைவாழ்க்கையை சைபுல்லா பத்து நாளாய்ப் படித்திருந்தார். படிக்கப் பெரிதாக இல்லை. மூன்றே படம்.

முதல் படம் 'சிலைக்குச் சளி'. ஒரு தலைவரின் சிலைத் திறப்பு விழாவில் திரை விலகாமல் கயிறு சிக்கிக்கொள்ள, மூன்று நாள் மேடையிலேயே நிற்கும் பிரமுகர்களின் கதை. நான்கு அமைப்புகள் எதிர்த்துப் போராடின. மூன்று அமைப்பினர் படத்தைப் பார்க்கவில்லை. நாலாவது அமைப்பினர் தங்கள் தலைவர் படத்தில் இருக்கிறாரா என்று பார்க்கப் போனார்கள். இல்லை என்று தெரிந்ததும் அந்த அவமானத்துக்காகப் போராடினார்கள்.

இரண்டாவது, 'சாமியார் லீவு'. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அருள் பாலிக்கும் ஒரு சாமியாரைப் பற்றியது. இந்தத் தடவை போராட்டம் எதுவும் இல்லை. பக்தர்கள் அதைவிடக் கொடிய காரியம் செய்தார்கள். படம் ஓடிய ஒரே தியேட்டரில் எல்லா டிக்கெட்டையும் வாங்கி, குடும்பத்தோடு உட்கார்ந்து, கடைசிவரை சிரிக்காமல் பார்த்துவிட்டுப் போனார்கள். காட்சிக்குக் காட்சி அப்படியே. கல்லெறிந்திருந்தால் இளவரசன் அடுத்த வாரமே புதுப் படம் ஆரம்பித்திருப்பார். இந்த அடியிலிருந்து எழுந்திருக்க அவருக்கு வருஷங்கள் ஆயின.

மூன்றாவது, 'படத்துக்கு மாலை'. குப்பம்மாள் வீட்டில் எடுத்தது. வெளிவரவே இல்லை. அதற்குள் மாலைதான் வந்துவிட்டது.

மாற்றுத் திரை மன்றத்தின் தலைவர், 'திரைச் சிந்தனைச் செம்மல்' கலையரசன், இணையத்தில் கண்ணீர்க் காவியம் எழுதினார். இதே செம்மல் இரண்டாவது படம் வந்தபோது 'இது நகைச்சுவை அல்ல, கிச்சுகிச்சு' என்று எழுதியவர். இப்போது 'நகைச்சுவையின் கடைசி மேதை' ஆகிவிட்டார் இளவரசன். வரும் ஞாயிறு சென்னையில் அஞ்சலிக் கூட்டம், படத்திறப்பு, ஏழு பேர் பேருரை. கேட்க எத்தனை பேர் வருவார்கள் என்று அழைப்பிதழில் இல்லை.

அப்போதுதான் சைபுல்லாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. மங்கம்மாள் என்ற ரசிகை. தொண்டையில் ஆபரேஷன், பேச முடியாது, எழுத்தில்தான் எல்லாம். 'ஞாயிற்றுக்கிழமை அவர் படத்துக்கு மாலை போடுகிறார்கள். அதற்குள் ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். தேடக்கூட ஒருவர் இல்லாமல் யாரும் சாகக் கூடாது.'

அந்தக் கடைசி வரிக்காகவே அவர் கேஸை எடுத்துக்கொண்டார். அதைக் காவியாவிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியாதா?

சட்டைப்பையில் 'டிங்' என்றது.

"மங்கம்மா மேடம்" என்றாள் காவியா ஜன்னலைப் பார்த்தபடியே.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வேற யாரு சார் உங்களுக்கு மெசேஜ் பண்றாங்க? பேங்க்கு பண்ணா உங்க மொகம் இப்டி ஆவாது."

'சாப்டீங்களா?' என்றிருந்தது. தினமும் இந்த நேரத்துக்கு வரும். வராத ஒருநாள் லாட்ஜ் மெஸ்ஸில் சாம்பார் உப்பில்லாமல் இருந்ததாக அவருக்கு ஞாபகம். முதல் வாரம் அந்த அம்மாள் கேட்ட ஒரு கேள்வியும் நினைவுக்கு வந்தது. 'ரெண்டு படமும் பாத்தீங்களா? எந்த எடத்துல சிரிச்சீங்க?' இவர் எழுதினார்: 'நான் சிரிக்கிற வழக்கம் இல்லை.' வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது: 'அப்ப நீங்க ரொம்ப நாளா தனியா இருக்கீங்க.'

அந்த வரியை அவர் அழிக்கவில்லை.

ஜமுனாமரத்தூரில் சந்தை கலையும் நேரம். பலாப்பழ வாசனையும் சாமை மூட்டைகளும் பேரம் முடியாத கோழிகளுமாய் இருந்தது. புளி விற்ற மாதம்மாள் மிச்சத்தைக் கோணியில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இங்க படம் காட்ற ஒருத்தரு..." என்று சைபுல்லா தொடங்குவதற்குள் அவள் சிரித்துவிட்டாள்.

"மயிலு படமா? அந்தாண்ட கொட்டாயில நடக்குது, போய் பாருங்க."

"மயில் படமா?" என்றாள் காவியா.

"ஆமா. அவரு எந்தப் படம் போட்டாலும் மூலையில ஒரு மயிலு நிக்கும். கல்யாண சீன்லயும் நிக்கும், எழவு சீன்லயும் நிக்கும். அது எதுக்குன்னு கேட்டா, அதான் ஹீரோங்கறாரு."

காவியா சைபுல்லாவின் காதருகே குனிந்தாள். "குப்பம்மா பெட்ஷீட்டு ஸ்டார் ஆய்ட்ச்சி சார்."

"படம் எப்படி இருக்கும்?" என்றார் சைபுல்லா.

"சிரிப்பு தாங்காது. முடிவு மட்டும் தெரியாது. பாதியில கீழ போற பஸ்ஸு ஹாரன் அடிச்சிடும், எல்லாரும் ஓடிருவோம். எந்தப் படத்துக்கும் எங்களுக்கு முடிவு தெரியாது." கோணியை இறுக்கினாள். "அவரும் ஒரு மாதிரி ஆளுங்க. படத்த பாக்கவே மாட்டாரு. திரை பக்கத்துல நாற்காலிய எங்க பக்கமா திருப்பிப் போட்டுக்கினு எங்க மூஞ்சியவே பாத்துக்கினு இருப்பாரு. அடுத்த சந்தைக்கி வந்தா நல்லாருந்துச்சான்னு கேக்க மாட்டாரு. 'எந்த எடத்துல சிரிச்ச'ன்னுதான் கேப்பாரு."

சைபுல்லாவின் கை சட்டைப்பையில் இருந்த கைபேசிக்குப் போனது.

தோல் பார்க்கிற காலத்தில், நல்லதென்று கையில் எடுத்ததைத் திருப்பியதும் நடுவில் ஓட்டை தெரியும் கணம் ஒன்று உண்டு. அந்தக் கணத்து முகம் இப்போது அவருக்கு.

"இன்னா சார், பேயடிச்ச மாதிரி கீறீங்க?"

"ஒண்ணுமில்ல. வா."

கொட்டகை என்பது பழைய கிடங்கு. ஜன்னல்களைத் தார்ப்பாயால் மூடி இருட்டாக்கியிருந்தது. மூட்டைகள் மேலும் கூடைகள் நடுவிலும் சந்தைக்கு வந்தவர்கள் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். திரையில் இரண்டு மகன்கள், செத்த அப்பாவின் எந்தப் போட்டோவை மாட்டுவது என்று கட்டிப்புரண்டு சண்டை. கல்யாணத்தில் எடுத்ததை மாட்டினால் பக்கத்தில் அம்மா இருக்கிறாள். ரேஷன் கார்டில் இருப்பதை மாட்டினால் அப்பா திருடன் மாதிரி தெரிகிறார். கீழ்மூலையில் மயில் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

திரையின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கூட்டத்தைப் பார்த்தபடி. காலி.

வாசலைப் பார்த்துப் போட்ட நாற்காலி. உள்ளே வரும் புது முகத்தை முதலில் பார்ப்பது அதில் உட்கார்ந்திருப்பவர்தான்.

சைபுல்லா கைபேசியை எடுத்தார். பஸ்ஸில் வந்த கேள்விக்கு இன்னும் பதில் போடவில்லை. எழுதினார்: 'இல்லை. நீங்க சாப்டீங்களா?'

அனுப்பினார்.

திரைக்குப் பின்னால் 'டிங்' என்றது.

காவியா மெல்லத் திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்குப் பேச்சு வராமல் போனது அன்றுதான் முதல் தடவை. பெட்ஷீட்டின் விளிம்புக்குக் கீழே, ரப்பர் செருப்புப் போட்ட இரண்டு கால்கள் தெரிந்தன. ஒன்று மற்றொன்றைக் கூச்சத்தோடு தேய்த்துக்கொண்டிருந்தது.

"மங்கம்மா மேடம்" என்றாள் காவியா. "வெளிய வாங்க. சார் பொண்ணு பாக்க வந்துகீறாரு."

தாடியும் நரைத்த தலையுமாய் இளவரசன் வெளியே வந்தார். நாற்பத்தைந்து வயதுக்கு உடம்பு கொஞ்சம் அதிகமாகக் கூனியிருந்தது. சிரிப்புக்கு நடுவில் பேச முடியாததால் மூன்று பேரும் திரைக்குப் பின்னால் போய் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் படம் இடம்வலம் மாறித் தெரிந்தது.

"தொண்டை ஆபரேஷன்?" என்றார் சைபுல்லா. குரலில் இருந்த கோபம் அவருக்கே புதிது.

"பேசினா ஆம்பளக் குரல்னு தெரிஞ்சிடுமே சார்."

"உங்களையே தேடச் சொல்லி நீங்களே ஆள் வெச்சீங்களா?"

"செத்துட்டேன்னு போட்டாங்க. நாலு நாள் பொறுத்துப் பாத்தேன். எங்க செத்தான், எப்டி செத்தான், யாரு எடுத்துப் போட்டான்னு ஒருத்தராவது போன் பண்ணுவாங்கன்னு நெனச்சேன். என் நம்பர் மாறவே இல்ல சார். ஒருத்தரும் பண்ணல. சரி, ஒருத்தரையாவது தேட வைப்போம்னு..." அவர் திரையைப் பார்க்கவில்லை. துணிக்கு அந்தப் பக்கம் எழும்பும் சிரிப்பைக் காதால் எண்ணுகிறவர் போல் தலையைச் சாய்த்திருந்தார். "சொல்லுங்க. உங்களுக்கு முன்னாடி ஒடுகத்தூருக்கு யாராச்சும் வந்தாங்களா?"

இதற்குத்தான் தன்னை அனுப்பினார் என்று சைபுல்லாவுக்குப் புரிந்தது. கண்டுபிடிக்க அல்ல, வேறு யாராவது தேடினார்களா என்று தெரிந்துகொள்ள. பொய் சொல்லியிருக்கலாம். தரம் பார்க்கிறவன் ஓட்டையைத் தைத்து அனுப்பக் கூடாது.

"வந்தாங்க. போட்டோ எடுத்துக்க. உங்களைக் கேட்டு யாரும் வரலை."

இளவரசன் தலையாட்டினார். எதிர்பார்த்த தீர்ப்பு.

"ஆனா ஒருத்தங்க கேட்டாங்க" என்றார் சைபுல்லா. "குப்பம்மா. பெட்ஷீட்டைத் திருப்பிக் குடுக்கணுமாம்."

"கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"நெஜமாவா? அவங்களாவே கேட்டாங்களா, இல்ல நீங்க..."

"அவங்களாவே. மாலையில தூசிகூட இல்லைங்க. துடைக்கிறாங்க."

வெளியே கீழே போகும் பஸ் ஹாரன் அடித்தது. கொட்டகையில் ஒரே அமளி. கூடை, கோழி, குழந்தை எல்லாம் வாசலை நோக்கிப் பாய்ந்தன. ஒரு நிமிஷத்தில் மூட்டை இருந்த இடங்களில் வெறும் தரை. படம் மட்டும் யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. இளவரசன் பழகிய கையோடு அதை நிறுத்தப் போனார்.

"இருங்க" என்றார் சைபுல்லா. "பஸ் எப்ப வரும்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"மலைக்கே தெரியும்."

"படம் எவ்வளவு நேரம்னும் தெரியும். கொஞ்சம் முன்னாடி ஆரம்பிச்சா எல்லாரும் முடிவைப் பாத்துட்டுப் போவாங்க. ஒரு தடவைகூட நீங்க அப்படி ஆரம்பிக்கலை."

இளவரசன் நிறுத்த நீட்டிய கையை இறக்கினார்.

"முடிவுல யாரும் சிரிக்கலைன்னா என்ன பண்றதுன்னு பயம். அந்த சாமியார் பக்தர்கள் உங்களை இன்னும் விடலை. பஸ்ஸை நீங்க காரணமா வெச்சிருக்கீங்க."

"சார், நம்ம பஸ்ஸும் அதான்!" என்றாள் காவியா. "போய்ட்டா நாளைக்கித்தான்."

"போகட்டும். உக்காரு."

இருவரும் காலித் தரையில் உட்கார்ந்தார்கள். இளவரசன் சிறிது நேரம் நின்றார். பிறகு நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தீர்ப்புக் கேட்க வந்தவர் மாதிரி அவர்கள் முகத்தைப் பார்த்தார்.

திரையில் காரியம் முடிந்து உறவெல்லாம் கிளம்பிவிட்டது. மகன்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போனார்கள். காலி முன்னறை. குப்பம்மாளின் சுவர். மாலை, சீரியல் பல்பு. வெகுநேரம் எதுவும் நடக்கவில்லை. காவியா நெளிந்தாள். அப்புறம் சட்டத்திலிருந்து அப்பா மெதுவாக ஒரு காலை வெளியே வைத்தார். மாலை தட்டாமல் இறங்கி, படையலில் இருந்த வடையை எடுத்துத் தின்றார். தின்னும்போது விக்கல் வந்தது.

நின்றார். முகம் மலர்ந்தது. யாரோ நினைக்கிறார்கள்! வாசலைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி விக்கல். தண்ணீர் கொடுக்க யாராவது வருவார்கள் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை. கடைசியில் தானே கையைத் தூக்கித் தன் உச்சந்தலையில் தட்டிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தனக்கே ஆறுதல் சொன்னார்.

கொட்டகையில் ஒரு சத்தம் கேட்டது. துருப்பிடித்த கதவு திறக்கிற மாதிரி. அது எங்கிருந்து வருகிறது என்று காவியா சுற்றிலும் பார்த்தாள்.

சைபுல்லா சிரித்துக்கொண்டிருந்தார். லாட்ஜ் அறையில் புரையேறும் போதெல்லாம் தானே தலையைத் தட்டிக்கொள்ளும் மனிதர். தோள் குலுங்கியது, கண்ணில் தண்ணீர் வந்தது, நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை.

படம் முடிந்து வெறும் வெள்ளைத் துணியும் மயிலும் மிஞ்சின. இளவரசன் அவர் முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"ஞாயித்துக்கிழம இன்னா சார் பண்ணப் போறீங்க?" என்றாள் காவியா. "மாலை ரெடியா கீதாம். போட்டோவுக்குப் போடறதுக்கு முன்னாடி கழுத்த நீட்டிருங்க."

"காலைல மொத பஸ்ஸு. மொதல்ல ஒடுகத்தூரு, பெட்ஷீட்ட குடுக்கணும். அப்புறம் சென்னை." ஸ்டூலில் ஏறித் திரையின் முடிச்சை அவிழ்த்தார் இளவரசன். "மேடைய பாத்து எனக்கு நாற்காலி வேணாம். கூட்டத்தப் பாத்து ஒண்ணு திருப்பிப் போட்டு, செம்மல கீழ மொத வரிசையில உக்கார வெக்கச் சொல்லுங்க. நான் வந்து உக்கார்றப்ப அவரு மொகத்த மிஸ் பண்ணக் கூடாது."

அவரும் காவியாவும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து பெட்ஷீட்டை மடித்தார்கள். மயில் உள்பக்கம் போய்விடாமல் அவர் கவனமாக மடித்தார். தார்ப்பாயை விலக்கிய ஜன்னல் வழியே மலை சாயங்கால வெளிச்சத்தில் தெரிந்தது. சைபுல்லா சுவரோரமாய்ப் போய் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன பேசுவது என்று இரண்டு ஆண்களுக்கும் தெரியவில்லை. பத்து நாளாய் எழுதி எழுதியே பழகிவிட்டது.

சட்டைப்பையில் 'டிங்' என்றது.

திரும்பிப் பார்த்தார். கொட்டகையின் அந்த மூலையில், மடித்த பெட்ஷீட்டைக் கக்கத்தில் இடுக்கியபடி, முதுகைக் காட்டி நின்றார் இளவரசன்.

மங்கம்மாள் கேட்டிருந்தாள்: 'எந்த எடத்துல சிரிச்சீங்க? விக்கலுக்கா, தலையைத் தட்டினதுக்கா?'

சைபுல்லா ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அழுத்தினார்.

'தலையைத் தட்டினதுக்கு.'